பட்டாபிக்கு தேசிய விருது... சீரியலுக்கு எப்போது?

ஊத்துக்கோட்டையிலிருந்து சுருட்டப்பள்ளிக்குப் போய், பள்ளிகொண்ட சிவனைக் கும்பிட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தாலும் ஒரு காலைப் பொழுதுகூட முடிந்திருக்காது. நடுவில் மாநில எல்லையைத் தாண்டிப் போய் வந்திருப்போம். அந்த நினைப்பே இருக்காது. வீட்டில் ஒரு பாஷை, கடையில் ஒரு பாஷை என்று தமிழும் தெலுங்கும் கலந்து புழங்குகிற ஊர் அது.

டி.வி-யும் அப்படித்தான். ஒரே ரிமோட்டில் இரண்டு மொழி சீரியல்களும் வரும். சில வருடங்களுக்கு முன்பு விஜய் டி.வி-யில் 'பாரதி கண்ணம்மா' ஓடிக்கொண்டிருந்தபோது, ஸ்டார் மா சேனலில் 'கார்த்திக தீபம்' ஓடியது. இரண்டுமே 'கறுத்தமுத்து' என்ற மலையாள சீரியலின் ரீமேக். அதாவது, தமிழில் கண்ணம்மா படப்போகிற பாட்டை, தெலுங்கு தெரிந்த எல்லையோர வீடுகளில் முன்கூட்டியே பார்த்துவிட முடியும்! 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' அந்தப் பக்கம் போய் 'வதினம்மா' ஆனது. நிறம், மொழி, ஜாக்கெட் டிசைன் மாறினாலும் அண்ணி அண்ணிதான்.

இந்த ஊரை வைத்துப் பார்த்தால்தான் 2025-ல் நடந்த தேசியத் திரைப்பட விருது விழாவில் இருந்த ஒரு வேடிக்கை நன்றாகப் புரியும்.

2025 ஆகஸ்ட் 1-ம் தேதி 71-வது தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்டன. 2023-ம் ஆண்டு படங்களுக்கான விருதுகள் அவை. சிறந்த திரைக்கதைக்கான விருதைத் தமிழின் 'பார்க்கிங்' படமும் தெலுங்கின் 'பேபி' படமும் பங்கு போட்டுக்கொண்டன. 'பார்க்கிங்' இயக்குநர் ராம்குமார் பாலகிருஷ்ணனும் 'பேபி' இயக்குநர் சாய் ராஜேஷும் ஒரே விருதில் பாதிப் பாதி. ஊத்துக்கோட்டைக்கென்றே எழுதிவைத்த முடிவுபோல!

சிறந்த தமிழ்ப் படமும் 'பார்க்கிங்'தான். 'வாத்தி' பாடல்களுக்காக ஜி.வி.பிரகாஷ்குமாருக்கு இசை விருது. ஆனால், வீடுகளில் அதிகம் பேசப்பட்ட பெயர் வேறு. 'பார்க்கிங்' படத்துக்காகச் சிறந்த துணை நடிகர் விருது பெற்றவர், எம்.எஸ்.பாஸ்கர்.

வயதில் பெரியவர்களுக்கு அவர் எம்.எஸ்.பாஸ்கரே அல்ல, பட்டாபி! சன் டி.வி-யில் வந்த 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' தொடரின் பட்டாபி. சோற்றுத் தட்டுடன் டி.வி முன்னால் உட்கார்ந்து, சிரித்துப் புரையேறிய குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கும். அதற்கு முன்பும் பின்பும் அவர் மேடை நாடகம் நடித்தார், மற்றவர்களுக்கு டப்பிங் பேசினார், கிடைத்த சின்னச் சின்ன வேஷங்களையெல்லாம் செய்தார். 'மொழி' படத்தில் மகனை இழந்த வருடத்திலேயே மனம் நின்றுபோன அந்தப் பேராசிரியர், '8 தோட்டாக்கள்' படத்தின் அந்தப் பெரியவர்... பட்டாபிக்குள் இப்படி ஒரு நடிகர் இருந்தாரா என்று பார்த்தவர்கள் ஆச்சர்யப்பட்டதுண்டு. உண்மையில் அவர் எப்போதுமே இருந்தார். சீரியலில் அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

'பார்க்கிங்' கதை கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கம் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கீழ் போர்ஷனில் பத்து வருடமாகக் குடியிருக்கும் நேர்மையான அரசு அதிகாரி. மாடிக்குப் புதிதாகக் குடிவரும் ஐ.டி ஊழியர், அவருடைய கர்ப்பிணி மனைவி. ஒரு கார் நிற்கிற இடம். அந்த இடத்துக்காக இரண்டு ஆண்களின் வீம்பு எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் படம். நல்லவரான ஒரு மனிதர், வீம்பில் கொஞ்சம் கொஞ்சமாக எப்படிக் கெட்டுப்போகிறார் என்பதை எம்.எஸ்.பாஸ்கர் நடித்துக் காட்டிய விதத்துக்குத்தான் டெல்லி விருது கொடுத்தது. மலையாளத்தின் மூத்த நடிகர் விஜயராகவன், 'பூக்காலம்' படத்துக்காக அதே விருதை அவருடன் பகிர்ந்துகொண்டார்.

விருது வாங்கியவர்கள் வந்த வழி

செப்டம்பர் 23-ம் தேதி டெல்லி விஞ்ஞான் பவனில் விழா. குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு விருதுகளை வழங்கினார். மோகன்லாலுக்கு தாதா சாகேப் பால்கே விருது. 'ஜவான்' படத்துக்காக ஷாருக் கான், '12-த் ஃபெயில்' படத்துக்காக விக்ராந்த் மாஸி. இருவருக்கும் சிறந்த நடிகர் விருது. முப்பது வருடங்களுக்கு மேல் நடித்த ஷாருக் கானுக்கு அதுதான் முதல் தேசிய விருது என்பதையே எல்லோரும் பேசினார்கள். இன்னொரு விஷயத்தை அதிகம் பேர் கவனிக்கவில்லை.

ஷாருக் கானை நாடு முதலில் பார்த்தது தியேட்டரில் அல்ல. தூர்தர்ஷனில் வந்த 'ஃபௌஜி' சீரியலில். அடுத்து 'சர்க்கஸ்'. விக்ராந்த் மாஸியும் டி.வி பிள்ளைதான். 'பாலிகா வது' தொடரில் நடித்தவர். அந்தத் தொடர் தமிழில் 'மண் வாசனை' என்றும், தெலுங்கில் 'சின்னாரி பெள்ளிகூத்துரு' என்றும் டப்பிங் செய்யப்பட்டு ஓடியது. ஆக, ஊத்துக்கோட்டைக்காரர்களுக்கு விக்ராந்த் இரண்டு மொழிகளிலும் பழைய சொந்தக்காரர்! மூன்றாவது, நம் பட்டாபி.

நடிப்புக்காக அன்று விருது பெற்ற ஆண்களில் மூன்று பேர் சீரியல் செட்டில் தொழில் பழகியவர்கள். இது ஒரு வருடத்துக் கதையும் அல்ல. 'சூப்பர் டீலக்ஸ்' படத்துக்காக 67-வது தேசிய விருது வாங்கிய விஜய் சேதுபதி, சினிமாவில் ஆள் தெரியாத காலத்தில் 'பெண்' என்ற சீரியலில் நடித்தவர். 'சிவரஞ்சனியும் இன்னும் சில பெண்களும்' படத்துக்காக 68-வது விருதில் சிறந்த துணை நடிகையான லட்சுமி பிரியா சந்திரமௌலியை, 'தர்மயுத்தம்' தொடர் பார்த்தவர்களுக்கு முன்பே தெரியும்.

இவர்கள் யாருக்கும் டி.வி-யில் செய்த வேலைக்காக தேசிய விருது கிடைக்கவில்லை. கிடைக்கவும் கிடைக்காது. காரணம், தேசியத் திரைப்பட விருதுக்கு இணையாக டி.வி நாடகத்துக்கு என்று மத்திய அரசின் விருது ஒன்று கிடையாது.

தேசியத் திரைப்பட விருது விழா முதன்முதலில் நடந்தது 1954-ல். 'ஷ்யாம்சி ஆயி' என்ற மராத்திப் படம் முதல் தங்கப் பதக்கத்தை வாங்கியது. அப்போது இந்தியாவில் டி.வி-யே இல்லை. டெல்லியில் 1959-ல்தான் ஒளிபரப்பு தொடங்கியது. சென்னைக்கு 1975-ல் வந்தது. எனவே, ஆரம்பத்தில் டி.வி-யைச் சேர்க்காததில் தப்பில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பிரிவுகள் சேர்ந்தன. குறும்படம், ஆவணப்படம் எல்லாவற்றுக்கும் விருது உண்டு. சினிமாவைப் பற்றி எழுதப்பட்ட நல்ல புத்தகத்துக்குக்கூட தேசிய விருது உண்டு. சினிமா விமர்சகருக்கும் உண்டு. தினமும் நாலு பேர் இருக்கிற வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, அழவைத்துச் சண்டை மூட்டிவிட்டுப் போகிற சீரியலுக்கு மட்டும் இல்லை.

வியாழக்கிழமை மார்க்

சீரியலுக்கு மார்க்கே போடுவதில்லை என்று சொல்ல முடியாது. வாராவாரம் போடுகிறார்கள். வியாழக்கிழமை தோறும் 'பார்க்' அமைப்பின் ரேட்டிங் வரும். எந்த சீரியலை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு. அதில் புள்ளி குறைந்தால் கதையில் விபத்து நடக்கும், கோமா வரும், யாராவது திடீரென்று இரட்டைப் பிறவியாகத் திரும்பி வருவார்கள். இன்னும் குறைந்தால் 'சுபம்'. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை அந்த எண் சொல்லும். யார் நன்றாக நடித்தார், யார் நன்றாக எழுதினார் என்பதைச் சொல்லாது.

சேனல்களே நடத்துகிற விருது விழாக்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. சன் குடும்பம் விருதுகள், விஜய் டெலிவிஷன் விருதுகள், ஜீ தமிழ் குடும்பம் விருதுகள் என்று ஜொலிக்கும் மேடைகள். ஆனால், சன் விழாவில் சன் சீரியலுக்குத்தான் விருது. விஜய் விழாவில் விஜய் சீரியலுக்குத்தான். ஒரே தெருவில் மூன்று வீட்டிலும் தனித்தனியாக ஓட்டப்பந்தயம் வைத்து, மூன்று வீட்டுப் பிள்ளையுமே முதல் பரிசு வாங்கினால் எப்படியோ அப்படி! விளம்பரங்களுக்கு நடுவே அதைப் பார்ப்பது ஜாலியாகத்தான் இருக்கும். மாமியாரும் மருமகளும் சேர்ந்து டான்ஸ் ஆடுவதை வேறு எங்கே பார்க்க முடியும்? ஆனாலும், மூன்று சேனல்களின் நடிகைகளையும் ஒரே தராசில் வைத்து, இவர்தான் சிறந்தவர் என்று சொல்லும் வாய்ப்பு அங்கே கிடையாது.

அந்தத் தராசு தமிழ்நாடு அரசிடம் இருக்கிறது. திரைப்பட விருதுகளோடு சின்னத்திரை விருதுகளையும் தருகிற மாநிலம் இது. சிறந்த நெடுந்தொடர், கதாநாயகன், கதாநாயகி, இயக்குநர் என்று எந்த சேனல் என்று பார்க்காமல் கொடுக்கப்படும் விருதுகள். நல்ல விஷயம்தான். ஆனால், வந்து சேர்ந்த வேகம்தான் கொஞ்சம்... 2009 முதல் 2013 வரையிலான சின்னத்திரை விருதுகள் 2017 ஜூலையில் அறிவிக்கப்பட்டன. அவை மேடையேறியது 2022 செப்டம்பர் 4-ம் தேதி, சென்னை கலைவாணர் அரங்கில்.

2009-ல் நடித்ததற்கு 2022-ல் விருது. சீரியல் ஓடியபோது பிறந்த குழந்தை எட்டாம் வகுப்பு போயிருக்கும். சினிமாவுக்கும் அதே தாமதம்தான் என்றாலும், ஒரு வித்தியாசம் உண்டு. 2009-ல் வந்த படத்தைப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டி.வி-யில் போட்டுக்கொண்டே இருப்பார்கள். விருது வரும்போது ஜனங்களுக்குப் படம் ஞாபகம் இருக்கும். சீரியல் அப்படியில்லை. முடிந்த மறுநாளே அதே நேரத்தில் வேறொரு டைட்டில் சாங் ஓட ஆரம்பித்துவிடும். 'சித்தி', 'மெட்டி ஒலி', 'கோலங்கள்', 'மர்மதேசம்' போல விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றுக்குத்தான் ஆயுசு கெட்டி. மற்றவை போன இடம் தெரியாது. அதனால், சீரியல்காரர்களுக்குச் சரியான நேரத்தில் வருகிற விருது, சினிமாக்காரர்களுக்கு வருவதைவிட அவசியம்.

மாரிமுத்துவுக்கு ஒரு மேடை

2023-ம் வருடத்தையே எடுத்துக்கொள்ளலாம். 71-வது தேசிய விருதுகள் அந்த வருடத்துப் படங்களுக்குத்தான். அந்த வருடத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் திட்டு வாங்கிய, அதிகம் ரசிக்கப்பட்ட நடிப்பு எது என்று யாரைக் கேட்டாலும், சினிமா பெயரைச் சொல்வதற்கு முன்பு ஆதி குணசேகரன் என்பார்கள்.

சன் டி.வி-யில் திருச்செல்வம் இயக்கிய 'எதிர்நீச்சல்' தொடரில் அந்த வேஷத்தைச் செய்தவர் மாரிமுத்து. பல வருடம் சினிமாவில் உதவி இயக்குநராக இருந்து, 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' படங்களை இயக்கியவர். பல படங்களில் போலீஸாகவும் அப்பாவாகவும் வந்துபோனவர். அப்போதெல்லாம் முகம் தெரியும், பெயர் தெரியாது. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு ஒரு சீரியல் அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. வீட்டுப் பெண்களை வாசல் தாண்ட விடாத அண்ணனாக, அவர் குரலை உயர்த்தினால் டி.வி-க்கு இந்தப் பக்கம் இருந்த பெண்கள் பதில் சொன்னார்கள். மீம் போடுகிற இளசுகள், சீரியல் பார்க்காதவர்கள்கூட அவர் பேசுகிற மாதிரி பேசிக் காட்டினார்கள். ஒரு வில்லனைப் பார்த்துப் பயப்படவும் வேண்டும், சிரிக்கவும் வேண்டும், இவரை நம் சொந்தத்திலேயே பார்த்திருக்கிறோமே என்று உறுத்தவும் வேண்டும். மூன்றையும் அவர் ஒரே வசனத்தில் செய்தார்.

2023 செப்டம்பர் 8-ம் தேதி காலை, அதே சீரியலுக்கு டப்பிங் பேசப் போன இடத்தில் மாரடைப்பு. மாரிமுத்து போய்விட்டார். அன்று மாலை அவர் இறந்த செய்தியும், அவர் நடித்த காட்சிகளும் ஒரே டி.வி-யில் மாறி மாறி வந்தன. பிறகு வேல.ராமமூர்த்தி அந்த வேஷத்தை ஏற்றார். கதை தொடர்ந்தது.

அந்த நடிப்பு ஒரு படத்தில் இருந்திருந்தால் டெல்லி ஜூரியின் மேஜைக்குப் போயிருக்கும். விருது கிடைத்திருக்குமா என்பது வேறு பேச்சு. சீரியலில் இருந்ததால் மேஜைக்கே போகவில்லை. 'பார்க்கிங்' வந்ததும் அதே 2023-ல், டிசம்பர் மாதம்தான். ஒரே வருடத்தில், வீம்பு பிடித்த இரண்டு குடும்பத் தலைவர்களைத் தமிழ்நாடு பார்த்தது. ஒருவர் தியேட்டரில், ஒருவர் ஹாலில். ஒருவரைத்தான் எடைபோட வழி இருந்தது.

ஆயிரம் எபிசோடை யார் பார்ப்பது?

மத்திய அரசு தரப்பில் சொல்வதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. தேசிய விருதுக்கு ஒரு படம் போக வேண்டுமென்றால், அந்த வருடத்துக்குள் சென்சார் சர்டிஃபிகேட் வாங்கியிருக்க வேண்டும். சீரியலுக்கு சென்சாரே கிடையாது. படம் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சீரியல் வாரத்துக்கு ஆறு நாள், வருடத்துக்கு முந்நூறு எபிசோடு. 'கோலங்கள்' ஆயிரத்து ஐந்நூறு எபிசோடுகளைத் தாண்டி ஓடியது. இத்தனை மொழிகள், இத்தனை சேனல்கள். எந்த ஜூரி உட்கார்ந்து பார்ப்பார்?

ஆனால், இதே சிக்கல் மற்ற நாடுகளுக்கும் இருந்தது. அமெரிக்காவில் எம்மி விருது 1949-லேயே தொடங்கிவிட்டது. முதல் எம்மியை வாங்கியது யார் தெரியுமா? ஷெர்லி டின்ஸ்டேல் என்ற இளம்பெண். பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு, உதடு அசைக்காமல் அதைப் பேசவைத்தவர். டி.வி என்பதே புதுசு, அதில் வருகிற பொம்மலாட்டத்துக்கு ஒரு விருதா என்று அவர்கள் யோசிக்கவில்லை. எபிசோடு பிரச்னைக்கும் வழி கண்டுபிடித்தார்கள். நடிகர்கள், தாங்கள் நன்றாகச் செய்ததாக நினைக்கும் ஒரு எபிசோடைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் போதும். 2025 செப்டம்பர் 14-ம் தேதி நடந்த எம்மி விழாவில், 'அடலசன்ஸ்' தொடருக்காக 15 வயது ஓவன் கூப்பர் விருது வாங்கினான். அதுதான் அவன் நடித்த முதல் வேலை.

பிரிட்டனில் இன்னும் எளிது. ஜூரியே வேண்டாம், மக்கள் ஓட்டுப் போடட்டும் என்று விட்டுவிட்டார்கள். 1995 முதல் நடக்கிற 'நேஷனல் டெலிவிஷன் அவார்ட்ஸ்' அப்படித்தான். சிறந்த தொகுப்பாளர் விருதை ஆன்ட், டெக் என்ற இரட்டையரே 23 வருடம் விடாமல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மக்களுக்கு அலுத்ததோ என்னவோ, 2025 செப்டம்பர் 10-ம் தேதி லண்டனில் நடந்த விழாவில் கால்பந்து வீரராக இருந்து தொகுப்பாளரான கேரி லினேகருக்கு ஓட்டைக் குத்திவிட்டார்கள். எல்லாம் நம் டெல்லி விழா நடந்த அதே செப்டம்பர் மாதத்தில்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். இந்திய அரசே ஒருமுறை வழி கண்டுபிடித்திருக்கிறது. கோவாவில் நடக்கும் இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில், 2023 முதல் சிறந்த வெப் சீரிஸுக்கு விருது கொடுக்கிறார்கள். முதல் வருடம் 'பஞ்சாயத்' இரண்டாவது சீசனுக்குக் கிடைத்தது. 2024-ல் 'லம்பன்' என்ற மராத்தித் தொடருக்கு. வெப் சீரிஸுக்கும்தான் சென்சார் இல்லை, அதுவும்தான் எபிசோடு எபிசோடாக வருகிறது. ஓ.டி.டி இந்தியாவுக்கு வந்து பத்துப் பதினைந்து வருடத்தில் அதற்கு ஒரு விருது கிடைத்துவிட்டது. டி.வி வந்து அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

விருது என்ன பெரிசு, சம்பளம் வந்தால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. வளசரவாக்கம், போரூர் பக்கத்து ஷூட்டிங் வீடுகளில் ஒரு நாள் இருந்து பார்த்தால் பதில் கிடைக்கும். காலையில் வந்த நடிகை இரவு வரை மூன்று புடவை மாற்றி, மூன்று வெவ்வேறு நாளின் அழுகையை ஒரே நாளில் அழுதுவிட்டுப் போவார். வசனம் சில சமயம் கேமரா ஓடுவதற்குக் கொஞ்சம் முன்புதான் கைக்கு வரும். சினிமாவில் ஒரு காட்சிக்கு ஒரு நாள் எடுத்துக்கொள்வார்கள். இங்கே ஒரு நாளில் ஒரு எபிசோடே முடிய வேண்டும். அந்த அவசரத்துக்கு நடுவிலும் ஒருவர் உண்மையாக நடித்துவிட்டால், அது அபூர்வம். அதைப் பார்த்துச் சொல்ல, ரேட்டிங்குக்கும் சேனலுக்கும் சம்பந்தமில்லாத நாலு பேர் வேண்டும்.

ஊத்துக்கோட்டையில் அப்படி நாலு பேரைத் தேடி அலைய வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும், எல்லை தாண்டி ஸ்ரீ சிட்டிக்கும் கம்பெனி பஸ் ஏறுகிற பெண்களும் ஆண்களும் நேற்றைய எபிசோடை இன்று போனில்தான் பார்க்கிறார்கள். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து நடுராத்திரி திரும்பும்போது, முன் சீட்டில் தமிழ் சீரியல், பின் சீட்டில் தெலுங்கு சீரியல். இழுக்கிற காட்சிகளை விரலால் தள்ளிவிடுகிறார்கள். நல்ல காட்சி வந்தால் நிறுத்தி, கொஞ்சம் பின்னால் போய், பக்கத்து சீட்டுக்காரரிடம் போனை நீட்டி இன்னொரு முறை பார்க்கிறார்கள்.